கத்திரியில் உருவாகும் ஆடி மாதத்து விதை

கல்லலுக்குப் பக்கத்து ஊரொன்றில் என் சித்தப்பா 32 பெட்டை ஆடுகள் வைத்திருந்தார். எல்லாம் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி. பழைய கிடாவுக்கு வயதாகிவிட்டது என்று ஒரு வைகாசியில் திருப்புவனம் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் புதுக் கிடா ஒன்றைப் பிடித்துவந்தார். முறுக்கிய கொம்பு, அகன்ற நெஞ்சு, நடையில் ஒரு மிடுக்கு. தெருவே வந்து பார்த்தது. கழுத்தில் மணி கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து மந்தையில் விட்டார்கள். ஆடியில் அது ஏறாத பெட்டையே இல்லை என்று மேய்க்கப்போன பையன் சொன்னான். மார்கழி வந்தது, தையும் போனது. மொத்தம் 9 குட்டிகள்.

முதலில் பெட்டைகளைக் குறை சொன்னார்கள். பிறகு சீமைக் கருவேலங்காயை. பிறகு கண்ணேறு என்றார்கள். கடைசியில் வந்த கால்நடை மருத்துவர் கிடாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. பின்னால் குனிந்து விதைப்பையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்று கல்லாகிக் கிடக்கிறது, இன்னொன்று தொளதொளவென்று இருக்கிறது. வாங்கும்போது இதைத் தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். சித்தப்பா பல்லைப் பார்த்திருந்தார், குளம்பைப் பார்த்திருந்தார், கொம்பைச் சாண் வைத்து அளந்தே பார்த்திருந்தார். கிடாவை எதற்காக வாங்கினாரோ அந்த உறுப்பை மட்டும் தொடவில்லை.

இது அவர் ஒருவரின் கதை என்றால் எழுத வேண்டியதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் என்று இந்தச் சரளை மண் முழுக்க, பெட்டைக்குச் சினை பிடிக்கவில்லை என்றால் பெட்டையைத்தான் விற்கிறோம். கணக்குப் போட்டால் இது எவ்வளவு தலைகீழ் என்பது தெரியும். ஒரு பெட்டை மலடானால் அந்த ஆண்டு ஒரு குட்டி போகும். ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டைகள் என்று விடுகிறோம். கிடா பழுதானால் அத்தனை குட்டிகளும் போகும்.

முழு மலட்டுக் கிடாவைக்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு பெட்டைகூடச் சினையாகவில்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். வேலை பாதி செய்கிற கிடாதான் ஆளை ஏமாற்றும். செம்மறிப் பெட்டை 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறை. அரைகுறைக் கிடாவிடம் முதல் சுற்றில் சில, இரண்டாவதில் சில, மூன்றாவதில் சில என்று சினை பிடிக்கும். குட்டிகள் மார்கழியில் தொடங்கிப் பங்குனிவரை சிதறிப் பிறக்கும். மார்கழிக் குட்டி பசும்புல் கடிக்கும் நேரத்தில் பங்குனிக் குட்டி காய்ந்த தரையில் தாயின் வற்றிய மடியை முட்டிக்கொண்டிருக்கும். சந்தைக்கு ஒரே அளவில் பத்து குட்டி சேர்க்க முடியாது. இந்த நட்டத்தை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. "இந்த வருஷம் சரியில்லை" என்ற ஒரு சொல்லில் அது கரைந்துவிடும்.

இனி நாள் கணக்குக்கு வருவோம். ஆண் விலங்கின் விந்தணு அன்றன்றைக்கு உருவாகி அன்றன்றைக்கே வெளிவருவதில்லை. செம்மறிக் கிடாவின் விதையில் ஒரு விந்தணு தொடக்க நிலையிலிருந்து முழு உருவம் பெற ஏறக்குறைய 47 முதல் 49 நாள் ஆகும். பிறகு விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நீண்ட குழாயில் பத்துப் பன்னிரண்டு நாள் பயணம் செய்து, அங்கேதான் நீந்தும் திறன் பெற்று, குழாயின் வால் பகுதியில் தங்கும். வெள்ளாட்டுக் கிடாவுக்கும் இதே கணக்குதான். காளைக்கு உருவாக 61 நாள், பயணம் தனி. ஆக, இன்றைக்குக் கிடா இறக்கும் விந்து இரண்டு மாதத்துக்கு முன்னால் தொடங்கிய வேலை.

இதை நம் பஞ்சாங்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதத்துக்கு ஓரிரு நாள் குறைவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கண்மாய்க் கரையெல்லாம் பச்சையாகக் கிடக்கும் மார்கழி, தையில் குட்டி விழ வேண்டும் என்றால் ஆடி, ஆவணியில் கிடா சேர வேண்டும். கிடா ஆண்டு முழுக்க மந்தையோடு திரியும் கிடைகளிலும், கோடை மழைக்குத் துளிர்த்ததை மேய்ந்து தேறிய பெட்டைகள் அந்தச் சமயத்தில்தான் சேர்ந்தாற்போலப் பருவத்துக்கு வரும். ஆடி முதல் நாள் என்பது ஜூலை 17 வாக்கில். அங்கிருந்து 60 நாள் பின்னால் போனால் மே 18. கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. ஆடியில் சினை பிடிக்க வேண்டிய விந்து கத்திரியின் நட்ட நடுவில் உருவாகத் தொடங்கியிருக்கிறது.

விதை உடலுக்கு வெளியே தொங்குவது சும்மா அல்ல. உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் ஆறு டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். அதற்கென்று ஏற்பாடே உண்டு. உள்ளிருந்து வரும் சூடான ரத்தக்குழாயைச் சுற்றி, வெளியிலிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தக்குழாய்கள் கொடியாகப் பின்னிக் கிடந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். வெயிலில் பை தளர்ந்து கீழே தொங்கும், குளிரில் சுருங்கி உடலோடு ஒட்டும். பையின் தோலில் வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. நம் நாட்டு ஆடுகள் இந்த விஷயத்தில் வெளிநாட்டு இனங்களைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. ஆனாலும் மர நிழல் இல்லாத பொட்டலில், தகரக் கூரைக்கு அடியில், தண்ணீர் தட்டுப்பாட்டில் நாள் முழுக்க மூச்சிரைத்துக் கிடந்தால் எந்த இனமும் தாங்காது. சூட்டில் கெடுவது பெரும்பாலும் பாதி வளர்ந்த அணுக்கள். அதனால் கேடு உடனே தெரியாது. இரண்டு வாரம் கழித்து விந்தின் தரம் இறங்கத் தொடங்கும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். கத்திரியில் வாடிய கிடா ஆனியில் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். விந்து அப்போதுதான் படுமோசமாக இருக்கும். காய்ச்சலும் இதே வேலையைத்தான் செய்யும். நீலநாக்கு, அம்மை, கோமாரி என்று எது வந்து போனாலும், கிடா எழுந்து தீனி தின்ன ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு மாதம் அதை நம்பக்கூடாது.

ஆகவே பரிசோதனைக்கு ஏற்ற நாள் சித்திரைக் கடைசி, அதாவது கிடா சேர்ப்பதற்கு எட்டு முதல் பத்து வாரத்துக்கு முன்பு. பழுது தெரிந்தால் வேறு கிடா தேட நேரம் இருக்கும். தீனியோ நிழலோ குறை என்றால் சரிசெய்ய நேரம் இருக்கும். ஆடி பிறந்த பிறகு டாக்டரைக் கூப்பிடுவது, நாற்று நட்ட பிறகு விதைநெல் முளைக்குமா என்று பார்ப்பதைப் போன்றது.

கையால் பார்ப்பதுதான் பரிசோதனையின் பெரும்பகுதி, அதற்குச் செலவும் இல்லை. ஒருவர் கிடாவின் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து பையின் கழுத்தைப் பிடித்து இரண்டு விதைகளையும் மெல்லக் கீழே இறக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா? பைக்குள் தடையில்லாமல் வழுக்குகின்றனவா? கை முட்டியை இறுக்கினால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு தசை விம்முகிறதே, அந்தத் திண்மை இருக்க வேண்டும். தொளதொளவென்றால் உள்ளே வேலை குறைந்துவிட்டது என்று பொருள். கல்லாக இருந்தால் பழைய அழற்சி. கீழ் நுனியில் நெல்லிக்காய் போல ஒரு முண்டு தட்டுப்படும். அதுதான் விந்து தங்கும் வால் பகுதி. அது நன்றாக நிரம்பித் திரண்டிருப்பது நல்ல அறிகுறி. அங்கே கட்டியோ வலியோ இருந்தால் நோய்த்தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்ட கிடாவும் சினை பிடிக்க வைக்கும்தான். ஆனால் அந்தக் குறை பரம்பரையாகப் போகும், பொலிகிடாவாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது தையற்காரர் நாடா. இரண்டு விதைகளையும் கீழே இறக்கிப் பிடித்து, பை மிக அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். ஒரு கிராம் விதைத் திசு நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி விந்தணுக்களை உருவாக்கும். அளவு பெரிதானால் உற்பத்தியும் பெரிது. சுற்றளவு அதிகமுள்ள காளைகளின் மகள்கள் சீக்கிரமே பருவத்துக்கு வருகின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அமெரிக்காவில் கால்நடை இனப்பெருக்க மருத்துவர்களின் சங்கம் 1993இல் வகுத்த அளவுகோலின்படி, இரண்டு வயது தாண்டிய காளைக்குக் குறைந்தது 34 சென்டிமீட்டர் வேண்டும். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு புலிக்குளம் காளையின் பின்னால் போய்விடாதீர்கள். அது பெரிய உடம்புள்ள சீமை இனங்களுக்கான அளவு. நம் சிறிய ஆடு மாடுகளுக்கு அதே இனத்தில், அதே வயதில் உள்ள நாலைந்தை அளந்து ஒப்பிடுவதுதான் நியாயம். அளவை ஆண்டுதோறும் எழுதிவைத்தால் இன்னும் நல்லது. போன சித்திரையைவிட இந்தச் சித்திரையில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அந்தக் குறைவே செய்தி சொல்லிவிடும்.

விந்தை எடுத்துப் பார்ப்பது மருத்துவர் வேலை. வெந்நீர் நிரப்பிய ரப்பர் உருளையில் எடுப்பார்கள், அல்லது மின்தூண்டல் கருவி வைத்து எடுப்பார்கள். கிடாவின் விந்து ஒரு மில்லிக்கு முன்பின்னாகத்தான் வரும், ஆனால் பாலாடை போலக் கெட்டியாக இருக்கும். நீர்த்திருந்தால் எண்ணிக்கை குறைவு. சிவந்திருந்தால் ரத்தம், மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் சிறுநீர். ஒரு துளியை உடம்புச் சூட்டில் வைத்த கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், மடை திறந்த கண்மாய்த் தண்ணீர் மாதிரிச் சுழி சுழியாக அலையடிக்க வேண்டும். கண்ணாடி குளிர்ந்திருந்தால் நல்ல விந்தும் செத்துக் கிடப்பதாகத் தோன்றும்; அவசரமாகப் பார்த்துவிட்டு ஒரு நல்ல கிடாவைக் கறிக்கு அனுப்பியவர்கள் உண்டு. பிறகு சாயம் ஏற்றித் தலை உடைந்தவை, வால் சுருண்டவை எத்தனை என்று எண்ணுவார்கள். மேலே சொன்ன அமெரிக்க அளவுகோல் காளைக்குக் கேட்பது, நூற்றுக்கு 30 விந்தணுவாவது முன்னோக்கி நீந்த வேண்டும், 70 ஆவது ஒழுங்கான உருவத்தில் இருக்க வேண்டும் என்பது. நீண்ட நாள் சும்மா கிடந்த கிடாவின் முதல் விந்தில் பழையதும் செத்ததும்தான் நிறைய இருக்கும், இரண்டாவதையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை தேறாத இளங்கிடாவை உடனே தள்ளிவிடாமல், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை.

நல்ல விந்து இருந்தும் பயனில்லாத கிடாக்கள் உண்டு. குளம்பு அழுகி நொண்டுவது ஏறாது. தவிட்டை அள்ளி அள்ளிப் போட்டு வளர்த்த வெள்ளாட்டுக் கிடாவுக்குச் சிறுநீரில் கல் அடைத்துக்கொள்ளும். கொழுத்த கிடாவுக்கு விதைப்பையின் கழுத்தில் கொழுப்புச் சேர்ந்து, நான் மேலே சொன்ன குளிர்விக்கும் கொடியையே போர்வை போர்த்தியதுபோல மூடிவிடும். வெள்ளாடு வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: கொம்பில்லாக் கிடாவைக் கொம்பில்லாப் பெட்டையோடு சேர்த்தால் ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் குட்டிகள் பிறக்கும். இரண்டில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

மந்தையில் இரண்டு மூன்று கிடா இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பெரிய கொம்புக்காரன் சின்னவற்றைப் பக்கத்தில் விடமாட்டான் என்பதை. அவனுக்கே பழுதென்றால், மற்ற இரண்டும் நல்ல கிடாக்களாக இருந்தும் ஒதுங்கி நின்று வேடிக்கைதான் பார்க்கும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல், கருப்பருக்கும் முனிக்கும் நேர்ந்துவிடும் கிடா. அங்கம் பழுதில்லாத, ஊனமில்லாத, மந்தையிலேயே முதல் தரமான குட்டியைத்தான் சாமிக்கு என்று காது கிள்ளி விடுகிறோம். பக்ரீத்துக்கு வாங்க வருபவரும் அதே போன்ற கிடாவைத்தான் கேட்கிறார், நல்ல விலையும் கொடுக்கிறார். முதல் தரம் இப்படிப் போய்விட்டால் மந்தைக்குத் தகப்பனாக மிஞ்சுவது யாரும் கேட்காதது. தலைமுறை தலைமுறையாக இப்படிக் கழிவைக் கொண்டே பெருக்கினால் இனம் எப்படித் தேறும்? நேர்ந்த கிடா வெட்டுக்கு முன்னால் ஓரிரு ஆண்டு மந்தையில் திரிந்து சில பெட்டைகளைச் சேர்ந்துவிடும் என்பது உண்மைதான், அதுவே இனத்தைக் காப்பாற்றியும் வந்திருக்கலாம். ஆனால் இப்போது பலர் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பு சந்தையில் வாங்கி நேர்கிறார்கள். நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. குட்டியிலேயே இரண்டைத் தேர்ந்து, ஒன்றைச் சாமிக்கும் ஒன்றை மந்தைக்கும் என்று வைத்தால் கருப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காளைகளின் கதை வேறு. சிராவயலில் தைப்பொங்கலை ஒட்டியும், அரளிப்பாறையில் மாசி மகத்தன்றும் மஞ்சுவிரட்டுக்கு அவிழ்த்துவிடும் காளைகள்தான் நாட்டு இனத்தைக் காக்கின்றன என்கிறோம். ஜல்லிக்கட்டுக்காக 2017இல் மாநில அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின் வாதமும் அதுவே. நான் அதை ஏற்கிறவன். ஆனால் கார்த்திகை பிறந்ததும் அந்தக் காளைகளுக்கு வைக்கும் தீனியைப் பாருங்கள்: பருத்திக்கொட்டை, பருத்திக்கொட்டை, மேலும் பருத்திக்கொட்டை. பருத்தி விதையில் காசிபால் என்றொரு பொருள் இருக்கிறது. அசைபோடும் மாட்டின் வயிறு அதில் ஒரு பங்கை முறித்துவிடும். அளவு மிஞ்சினால் விந்தணுவின் நடுப்பகுதி சிதையும், எண்ணிக்கையும் இறங்கும். தீனியை நிறுத்தினால் சில மாதத்தில் சரியாகிவிடும். அதாவது மாசியில் களத்தை உலுக்கிவிட்டு வந்த காளையிடம் பங்குனியில் பசுவை ஓட்டிவருகிறார்களே, அது அந்தக் காளையின் மிக மோசமான பருவமாக இருக்கக்கூடும். பருத்திக்கொட்டையைக் குறைத்து, பச்சைத் தீவனத்தைக் கூட்டி, வைகாசிக்குப் பிறகு பசுவோடு சேர விடுவது நல்லது. பச்சைத் தீவனம் ஆட்டுக்கும் வேண்டும். மாதக் கணக்கில் வெறும் வைக்கோலும் சருகும் தின்றால் வைட்டமின் ஏ குறைந்து விதை சுருங்கும். கோடையில் ஒரு கட்டு முருங்கைக் கீரையோ அகத்தியோ கிடாவுக்குத் தனியாகப் போடுவது பெரிய செலவில்லை.

கோயில் காளையை யார் பரிசோதிப்பது? அது ஊருக்கே தகப்பன். எந்தக் கொல்லையிலும் மேயும், எந்தப் பசுவோடும் சேரும், செத்தால் மாலை போட்டுக் கொட்டு முழக்கோடு அடக்கம் செய்வோம். உயிரோடு இருக்கும்போது ஒரு துளி ரத்தம் எடுத்துக் கருச்சிதைவு நோய் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. புருசெல்லா கிருமியால் வரும் அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும், மூட்டு வலிக்கும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும்தான். காளைக் கன்றுக்குப் போடுவதில்லை, போட்டால் விதையிலேயே அழற்சி வரக்கூடும். ஆகையால் காளைக்கு ரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

சினை ஊசி போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி இல்லை. ஈச்சங்கோட்டை போன்ற உறைவிந்து நிலையங்களில் காளையைச் சோதித்து, உறையவைத்து உருக்கிய பிறகும் பாதியாவது நீந்துகிறதா என்று பார்த்துத்தான் விந்து அடைத்த குச்சியை வெளியே அனுப்புகிறார்கள். ஆட்டுக்கு இன்னும் இங்கே கிடாதான். செட்டிநாட்டில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கிறது, குன்றக்குடியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மானாமதுரையில் புலிக்குளம் மாட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிடா வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும் போய்க் கேட்பதற்கு இவை தூரமில்லை.

நுண்ணோக்கியும் டாக்டரும் கிடைக்காத இடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனையை எனக்குக் காட்டியவர் ஒரு கீதாரி, ஆட்டுக் கிடை போட்டு ஊர் ஊராகப் போகிறவர். காவியை நல்லெண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் அப்பிவிடுவார், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புதுப்பிப்பார். ஏறிய பெட்டையின் பின்முதுகில் காவி ஒட்டும். 17 நாள் கழிந்ததும் நிறத்தை மாற்ற வேண்டும். சினை பிடித்த பெட்டை கிடாவை மறுபடி ஏற்காது, அதன் முதுகில் இரண்டாவது நிறம் விழாது. பாதிக்கு மேல் பெட்டைகளின் முதுகில் இரண்டாவது நிறமும் விழுந்தால் அன்றைக்கே கிடாவை மாற்றலாம்; ஐந்து மாதம் காத்திருந்து மார்கழியில் தலையில் கைவைக்க வேண்டியதில்லை. வெள்ளை ஆடுகளில் நிறம் பளிச்சென்று தெரியும். முதலில் வெளிர் நிறம், பிறகு அழுத்தமான நிறம் என்ற வரிசை மட்டும் தவறக் கூடாது.

சித்தப்பாவின் வீட்டு மாடக்குழியில் இப்போது ஒரு தையல் நாடாவும் ஒரு பழைய டைரியும் கிடக்கின்றன. கத்திரி முழுக்கக் கிடா ஊருணிக் கரைப் புளியமரத்தடியில்தான் கட்டிக் கிடக்கும்; மத்தியானம் ஒரு குடம் தண்ணீர் அதன் காலடி மண்ணில் ஊற்றப்படும். போன ஆடியில் அவரே காவி குழைத்தார். பதினேழாம் நாள் கிடாவின் நெஞ்சைக் கழுவிவிட்டு நீலப்பொடி பூசினார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் பட்டிக்குள் நுழையும்போது ஒவ்வொன்றாக எண்ணினோம். 30 பெட்டைகளில் காவி விழாதது ஒன்று. நீலம் விழுந்தது நான்கு.